சுவரோவியங்களைப் புகைப்படமெடுத்தல்

சுவரோவியத்தைப் புகைப்படத்தில் ஆவணப்படுத்துவது என்பது அதன் நிறம், அளவு, கோடுகள், சுவரின் நிலை ஆகியவற்றை உள்ளபடியே பதிவுசெய்யும் பணியாகும். அழகிய படம் எடுப்பது இதன் முதன்மை நோக்கமன்று. மூல ஓவியம் அழிந்துபோனாலும் அதை ஆராயும்படி படம் அமைய வேண்டும்.

பனைமலை ஓவியம்

செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில் பனைமலை தாளகிரீசுவரர் கோயில் உள்ளது. இதைப் பல்லவ மன்னன் இராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினான். இதன் துணைச் சன்னதி ஒன்றின் உட்சுவரில், குடையின் கீழ் ஒரு காலை மடித்து நின்று சிவனின் நடனத்தைக் காணும் பார்வதியின் ஓவியம் உள்ளது. ஆடும் சிவனின் உருவம் பெரும்பாலும் சிதைந்துவிட்டது. பார்வதியின் உருவமும் சாந்து உதிர்ந்த பகுதிகளுக்கிடையே எஞ்சி நிற்கிறது. இத்தகைய ஓவியத்தைப் படமெடுப்பதில் பல சிக்கல்கள் உள்ளன.

ஒளி

விளக்கை ஓவியத்திற்கு நேர் எதிரே வைத்தால் ஒளி பட்டுத் திரும்பி லென்சுக்குள் விழும். படத்தில் வெண்திட்டு தோன்றும். எனவே இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் விளக்குகளை வைப்பது வழக்கம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் சாந்தின் விரிசல் நிழலாகி, ஓவியர் வரைந்த கோடு போலத் தோன்றிவிடும். ஆனால் சாந்தின் மேடுபள்ளங்களை அறிய அந்தப் பக்க ஒளியே தேவை. ஆகவே இருவகைப் படங்களும் எடுக்கப்படுகின்றன.

நிறம்

வாசல் வழியே வரும் பகலொளி கல்லில் பட்டுத் தெறிக்கும்போது கல்லின் நிறச் சாயலையும் ஏற்கிறது. கண் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்; கேமரா தானாகவே சரியாகக் கணிக்கும் என்று சொல்ல முடியாது. தரம் குறைந்த எல்.இ.டி. விளக்கில் காவிச் சிவப்பு மங்கித் தெரியும். இதற்காக, நிறமறிந்த கட்டங்கள் கொண்ட அட்டையையும் அளவுகோலையும் ஓவியத்தருகே, சுவரைத் தொடாமல் வைத்து ஒரு படம் எடுப்பர். பின்னர் அதைக்கொண்டு நிறம் திருத்தப்படும்.

இடமும் கோணமும்

கேமரா சுவருக்கு இணையாக இல்லையெனில் உருவத்தின் விகிதம் மாறிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமியால் கண்டறியப்பட்டவை. அவை கருவறையைச் சூழ்ந்த குறுகிய திருச்சுற்றில் உள்ளதால் பின்னகர்ந்து முழுச்சுவரையும் படமெடுக்க இடமில்லை. இத்தகைய இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு பல படங்கள் எடுத்து இணைக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதியும் தேவை.

திருத்தத்தின் எல்லை

மங்கிய கோடுகளைக் காண, கணினியில் நிறத்தை மிகைப்படுத்துவது ஆய்வுக்கு உதவும். ஆனால் அந்தப் படம் குறிப்பின்றிப் பரவினால், ஓவியம் அந்நிறத்திலேயே இருப்பதாக மாணவர் நம்பிவிடுவர். மூலப் படத்தை மாற்றாமல் தனியே சேமிப்பதும், திருத்திய படத்தில் அதைக் குறிப்பிடுவதும் அவசியம்.

முக்கியத்துவம்

ஜப்பானின் ஹோர்யூஜி கோயில் சுவரோவியங்கள் 1935-இல் உண்மை அளவில் கண்ணாடித் தகடுகளில் படமெடுக்கப்பட்டன. 1949 ஜனவரி 26-இல் அவை தீயில் கருகின. 1960-களில் ஓவியர்கள் அவற்றை மீண்டும் வரைந்தபோது இப்படங்கள் அடிப்படையாக உதவின. பனைமலையில் இன்று எஞ்சியுள்ள கோடுகளுக்கும் அத்தகைய துல்லியமான பதிவு தேவைப்படுகிறது.