பட்டாளத்துக்காரர் வீட்டிலே...

ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலைதான் நம் நினைவுக்கு வரும். 1965-ல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. டாங்கியில் ஏறிப்போகும் ஜவானுக்கும் வீடு, மனைவி, மக்கள் உண்டு அல்லவா?

பெயர், ராணுவ எண், படைப்பிரிவு, '56 ஏ.பி.ஓ.' என்று எழுதினால் கடிதம் அவரைத் தேடிப் போய்விடும். அவர் எங்கே இருக்கிறார் என்பது மட்டும் மனைவிக்குத் தெரியாது! அந்தக் கவலைக்கு மருந்தில்லை. காகிதத்தால் வரும் கவலைக்கு உண்டு.

கலியாணம் ஆனதையும் குழந்தை பிறந்ததையும் கணவரின் படைப்பிரிவு, 'பார்ட் டூ ஆர்டர்' மூலம் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால், நாளை குடும்பப் பென்ஷன் கேட்கும்போது, மனைவி என்று நிரூபிக்கவே அலைய நேரும். அடுத்த லீவில் அவர் வந்ததும், பலகாரத் தட்டோடு இந்தக் கேள்வியையும் முன்னால் வையுங்கள். அவருடைய எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமா? திருவள்ளூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயர்தான் 'முன்னாள்', பணியில் இருப்பவரின் குடும்பமும் போகலாம். 1949 முதல் டிசம்பர் 7-ல் திரட்டப்படும் கொடிநாள் நிதி இவர்களுக்காகத்தான்.

அண்டை வீட்டுச் சகோதரிகளே! "அவரிடமிருந்து தகவல் வந்ததா?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அவள் அலுவலகம் போகிற அன்று குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.