காருக்குள் ஒரு குக்கர்!

நைனார்பாளையத்திலிருந்து புறப்பட்ட கார் ஒன்று கல்வராயன் மலைச்சாலையில் ஏறுகிறது. பாதி வழியில் முன்பக்கத்திலிருந்து ஆவி பீறிடுகிறது. ஏன்?

எஞ்சினின் வெப்பத்தை, 'கூலன்ட்' எனப்படும் நீர் கலந்த திரவம் ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்கிறது. ரேடியேட்டர் மூடி, குக்கரின் வெயிட்டைப்போல் உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. வளிமண்டல அழுத்தத்துடன் அதே அளவு அழுத்தம் கூடினால், நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்காது; சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். மிஞ்சிய திரவமும் கொதித்துவிடும்!

அப்போது மூடியைத் திறக்கலாமா? கூடவே கூடாது! கொதிநீரும் ஆவியும் முகத்தில் பாய்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆறிய ரேடியேட்டரின் வாயில், அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை மாட்டி மெக்கானிக் காற்றடிப்பார். முள் இறங்கினால் கசிவு உண்டு. ஈரமோ, காய்ந்த கறையோ இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தளர்ந்த கிளிப்பை முடுக்கலாம். வெடித்த ரப்பர் ஹோஸை மாற்ற வேண்டும். வெளியே ஈரமே இல்லையா? 'ஹெட் காஸ்கெட்' பழுதாகி, திரவம் எஞ்சினுக்குள் புகுந்திருக்கலாம். எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

சைக்கிள் ட்யூபில் காற்றடித்து, நீரில் அமிழ்த்திப் பஞ்சர் பார்ப்பதும் இதே தத்துவந்தான் அல்லவா?