நம்ம தேனீயோட எதிரி உண்ணி இல்ல

இந்த எபிசோடுக்குக் காரணம் கடப்பாக்கத்துல இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். ஈசிஆர்ல பாண்டிச்சேரி போற வழியில, ஆலம்பரைக் கோட்டை இருக்கிற ஊர்னு சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடும். தென்னந்தோப்புல ரெண்டு தேனீப் பெட்டி வெச்சிருக்கிற நேயர் ஒருத்தர் கேட்கிறார்: "வெளிநாட்டு யூடியூப் சேனல் எதைத் திறந்தாலும் வரோவா உண்ணின்னு பயமுறுத்துறாங்க. ஆன்லைன்ல மருந்துப் பட்டை விக்குது. வாங்கிப் பெட்டிக்குள்ள தொங்கவிடட்டுமா?"

கொஞ்சம் பொறுங்க. உங்க பெட்டியில இருக்கிறது எந்தத் தேனீ?

கொடுக்கு உள்ள தேனீக்கள்ல நம்ம ஊர்ல பெட்டியில வளர்க்கிறது ரெண்டு. ஒண்ணு, மரப்பொந்துலயும் சுவர் இடுக்குலயும் தானா கூடு கட்டுற இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீன்னும் சொல்வாங்க. இன்னொண்ணு கொஞ்சம் பெரிய உடம்பு உள்ள இத்தாலியத் தேனீ. அது வெளியில இருந்து வந்தது. 1962-ல, இன்னைக்கு ஹிமாச்சலப் பிரதேசத்துல இருக்கிற நக்ரோட்டாவுலதான் இந்தியாவுல வெற்றிகரமா காலூன்றியது.

வரோவாவை வெறும் கண்ணாலயே பார்க்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், செம்பழுப்பு நிறம், சின்ன நண்டு மாதிரி தட்டையா இருக்கும். 1904-ல இந்த இனத்துக்கு முதல்முறை பேர் வெச்சது ஜாவாவுல கிடைச்ச உண்ணிக்குத்தான். அது ஒட்டியிருந்தது நம்ம தேனீயோட இனத்து மேல! (தேனீ வளர்ப்பைப் பத்தி எழுதின வாரோங்கிற பழைய ரோமானிய அறிஞரோட பேர்தான் வரோவா ஆச்சு.) ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்துல பக்கத்துல வெச்சாங்க, உண்ணி தாவிடுச்சு. உலகம் முழுக்கப் பரவினது தனி இனம்னு 2000-ல கண்டுபிடிச்சு 'டிஸ்ட்ரக்டர்'னு பேர் வெச்சாங்க. நாசகாரன்னு அர்த்தம். ஆஸ்திரேலியா மட்டும் ரொம்ப காலம் தப்பிச்சிருந்தது. 2022-ல அங்கேயும் நுழைஞ்சது. அடுத்த வருஷமே, இனி ஒழிக்க முடியாதுன்னு அரசு கைவிட்டுடுச்சு.

அதே உண்ணி நம்ம தேனீயை ஏன் ஒண்ணும் பண்றதில்ல? சுவாரசியமே இங்கதான்.

தாய் உண்ணி, புழு இருக்கிற அறைக்கு மூடி போடுறதுக்குச் சற்று முன்னாடி உள்ள நுழையும். மூடினதும் முட்டை போடும். அம்மாவும் குட்டிகளும் சேர்ந்து கூட்டுப்புழுவைத் தின்னும். இத்தாலியத் தேனீயில வேலைக்காரத் தேனீயோட அறையிலயும் இது பெருகும், அதனால கிட்டத்தட்ட நிறுத்தமே இல்ல. சிறகைச் சுருக்கிடுற வைரஸையும் கூடவே பரப்பும். நம்ம தேனீயில அது பெரும்பாலும் ஆண் தேனீ அறையிலதான் பெருக முடியும். ஆண் தேனீ வளர்றதோ சீசன்ல மட்டும். வேலைக்காரப் புழுவுக்கு உண்ணி பிடிச்சா அக்காமாருங்க மோப்பம் பிடிச்சு வெளியே இழுத்துப் போட்டுடுவாங்க. ஆண் அறையோட மூடி ரொம்பக் கெட்டி. உண்ணியால பலவீனமான ஆண் தேனீ அதை உடைச்சு வெளியே வர முடியாது, உள்ளேயே சாகும். உண்ணிக் குடும்பத்துக்கும் அதுவே சமாதி. ரொம்ப காலமா கூடவே இருந்து பழகின கணக்கு இது.

அப்போ நம்ம தேனீக்கு ஆபத்தே இல்லையா? மார்த்தாண்டம் பக்கம் போய்க் கேளுங்க. 1920-கள்ல ஒய்எம்சிஏ மூலமா ஸ்பென்சர் ஹேட்ச் பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பின ஊர். ரப்பர் தோட்டத்தை நம்பி எத்தனையோ வீடுகளுக்குத் தேன்தான் கைச்செலவுக் காசு. 1991-92-ல தாய் சாக்புரூட்ங்கிற வைரஸ் கேரளா, தமிழ்நாடு, கர்நாடகான்னு அடிச்சுத் துவைச்சது. 1976-ல தாய்லாந்துல கண்டுபிடிச்ச நோய், அதான் அந்தப் பேர். தென்னிந்தியாவுல பத்துக்கு ஒன்பது பெட்டி காலின்னு அப்போதைய கணக்குகள் சொல்லுது. பெட்டியோட சேர்ந்து அந்த வீடுகளோட வருமானமும் போச்சு. அந்த அழிவுக்கு அப்புறம்தான் இத்தாலியத் தேனீ இங்கேயும் வந்தது, தன்னோட உண்ணிப் பிரச்சினையையும் சேர்த்து.

இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது. உண்ணிப் பட்டை இதுக்கு ஒண்ணும் செய்யாது, தேன்லயும் மெழுகுலயும் ரசாயனம் தங்குறதுதான் மிச்சம். நோய் வந்த புழு கூட்டுப்புழுவா மாறாது. அறைக்குள்ள தலையைத் தூக்கிட்டு நீட்டிப் படுத்தபடி செத்திருக்கும். ஊசியால மெதுவா எடுத்தா தண்ணி நிறைஞ்ச பை மாதிரி தொங்கும். செத்ததைச் சுத்தம் பண்ற இளம் தேனீயே அடுத்த புழுவுக்கு ஊட்டப் போகுது, நோய் அப்படித்தான் பரவுது.

அதனால உடனே ராணியைச் சின்னக் கூண்டுல அடைச்சு, ரெண்டு மூணு வாரம் முட்டை விழாம பண்ணுவாங்க. ஊட்ட புழு இல்லன்னா சங்கிலி அறுந்துடும். முடிஞ்சா நோயைத் தாங்கி நின்ன பெட்டியில பிறந்த ராணியை மாத்துவாங்க. 92-க்கு அப்புறம் நம்ம தேனீ மெல்ல மீண்டு வந்ததே அப்படித் தப்பிச்ச குடும்பங்களாலதான்.

எறும்பு, மெழுகுப்பூச்சி, பூ பூத்திருக்கும்போது அடிக்கிற பூச்சிமருந்து, இதெல்லாமும் இருக்கு, இன்னொரு நாள் பேசுவோம். கடப்பாக்கம் நண்பருக்கு இப்போதைக்கு: பட்டை வேண்டாம். புதுசா குடும்பம் வாங்கினா புழு அடையைப் பார்த்துட்டு வாங்குங்க. ஒரு பெட்டியோட சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாத்தாதீங்க. தலை தூக்கின புழு ஒண்ணு தெரிஞ்சாலும் போட்டோ எடுத்துக்கிட்டு, உங்க மாவட்டத்துலயே காட்டுப்பாக்கத்துல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.