ஆறாத புண்ணும் இறங்காத பாரமும்

நீண்டகாலச் சர்க்கரை நோயாளி ஒருவரின் உள்ளங்காலில் புண். சீழ் வடிந்த தொற்று மருந்தால் அடங்கிவிட்டது. புண் மட்டும் மாதக்கணக்கில் மூடவில்லை. எந்தக் களிம்பைப் போடுவது என்றே வீட்டார் கேட்கின்றனர். அந்தப் புண்ணின்மீது நாளொன்றுக்கு எத்தனை முறை உடலின் எடை இறங்குகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்விக்கு வேலூரோடு தொடர்புண்டு. 1946இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்கு வலி உணராமையே பெருங்காரணம் என்று கண்டார். செருப்பில் கல் உறுத்தினால் நாம் நொண்டுகிறோம். அந்த நொண்டலே பாதத்தைக் காக்கிறது. உணர்விழந்த கால் நொண்டாது. எனவே பாதத்தோடும் கெண்டைக்காலோடும் ஒட்டியமைந்த மாவுக்கட்டுப் போட்டு, புண்ணின்மேல் விழும் அழுத்தத்தைக் கால் முழுதும் பரவச் செய்தார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவர் சென்றபோது அம்முறையும் உடன் சென்றது; சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 40 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். மாவுக்கட்டுப் பெற்ற 21 பேரில் 19 பேருக்குப் புண் ஆறியது, சராசரியாக 42 நாள்களில். வழக்கமான மருந்துக்கட்டுப் பெற்ற 19 பேரில் ஆறியது 6 பேருக்கே. புதிதாகத் தொற்று ஏற்பட்டதும் மாவுக்கட்டுப் பிரிவில் குறைவு.

கழற்றக்கூடிய காலணி போதாதா? 2003இல் டேவிட் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் நடையளவிக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். நோயாளிகள் நடந்த அடிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டின்போதே அக்காலணி காலில் இருந்தது. அதே வகைக் காலணியைக் கழற்ற இயலாதபடி சுற்றிக் கட்டியபோது, 12 வாரங்களில் ஆறியோர் சுமார் 83 விழுக்காடு. கழற்றக்கூடியதை அணிந்தோரில் 52. இதை நோயாளியின் அலட்சியம் என்று கடிந்துகொள்ளத் தோன்றும். வலியே இல்லாதவர் நள்ளிரவில் கழிப்பறைக்குச் செல்லும்போது பூட்ஸை மாட்டிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நம் பிழை.

எச்சரிக்கையும் தேவை. ஆழமான தொற்றோ இரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் மூடிய கட்டு ஆபத்தானது. முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும். மறுபுறம், எந்தத் திறந்த புண்ணைத் துடைத்துச் சோதித்தாலும் கிருமிகள் வளரத்தான் செய்யும். சிவப்பு, வெப்பம், வீக்கம், சீழ் முதலிய அறிகுறிகள் இன்றி ஆய்வகச் சீட்டை மட்டும் நம்பித் தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, புண்ணை ஆற்றுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கிறது.

மாவுக்கட்டுக்கான பொருள் விலை அதிகமன்று. ஆனால் அதைப் பழுதறப் போடத் தெரிந்த கைகள் வேண்டும். வாரந்தோறும் பிரித்துப் பார்த்து மாற்றும் ஏற்பாடு வேண்டும். நின்றே பிழைக்கும் ஒருவருக்கு அந்த ஆறேழு வாரக் கூலியும் வேண்டும். களிம்பு எழுதித் தர இவை எதுவும் தேவையில்லை.