குரங்கணிக்குக் கிளம்பும் முன்... உங்கள் அனுமதிச் சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது?

போடிநாயக்கனூரிலிருந்து மலையை நோக்கிப் போகும் சாலை முடியும் இடத்தில் இருக்கிறது குரங்கணி. 'மைனா' படத்தில் பார்த்த அதே மலைக்கிராமம்தான். இங்கிருந்து மேலே டாப் ஸ்டேஷனுக்கும், கொழுக்குமலைக்கும் நடந்தே ஏறும் பாதைகள் உண்டு. விடுமுறை வந்தாலே முதுகில் பையோடு இளைஞர்கள் வந்து இறங்கும் ஊர்.

இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கப் பதற்றத்தோடு உச்சரித்த நாள், 2018 மார்ச் 11.

அன்று நடந்தது என்ன?

மகளிர் தினத்தையொட்டி சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து இன்னொரு குழுவுமாக 30-க்கும் மேற்பட்டவர்கள் மலையேற வந்திருந்தார்கள். பலர் ஐ.டி. துறையில் வேலை பார்த்த இளம்பெண்கள். சனிக்கிழமை ஏறி மேலே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. ஆள் உயரத்துக்குக் காய்ந்து நின்ற புல், கூடவே பலத்த காற்று. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் பலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் குரங்கணி மக்கள். போர்வையிலும் டோலியிலும் வைத்து இருட்டில் கீழே இறக்கினார்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. சம்பவ இடத்திலும், அடுத்தடுத்த நாள்களில் மருத்துவமனைகளிலுமாக 23 உயிர்கள் போயின.

ஒரு சீட்டு, இரண்டு பாதை

அதன் பிறகு எழுந்த முதல் கேள்வி, 'இவர்களுக்கு அனுமதி இருந்ததா?' என்பதுதான். குரங்கணி-டாப் ஸ்டேஷன் பாதைக்குத்தான் சீட்டு வாங்கப்பட்டது, கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதி இல்லை என்றது அரசுத் தரப்பு. தீப்பிடிக்கும் காலத்தில் மலைக்கு ஆள்களை விட்டது ஏன் என்ற கேள்வி வனத்துறையை நோக்கித் திரும்பியது. வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அழைத்து வந்தவர்கள் மீது வழக்கு பதிவானது. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணையும் நடந்தது.

வந்தவர்களில் பலருக்குச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. குழுவாகப் போகும்போது 'அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க' என்று விட்டுவிடுவதுதானே நம் வழக்கம்!

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். 1882-லிருந்து இருக்கும் சட்டம் இது. சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தேனி மாவட்டத்தில் இது முக்கியம். மேகமலைக் காடுகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டன.

குரங்கணி சோகத்துக்குப் பிறகு, 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது தமிழக அரசு. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அழைத்துச் செல்லும் அமைப்புகள் பதிவு செய்ய வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். காட்டையொட்டிய கிராமங்களின் இளைஞர்களே வழிகாட்டிகள். குரங்கணி-சாம்பலாறு பாதையும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. தீ அபாயம் உள்ள பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் வாக்கில் பாதைகள் மூடப்படும்.

'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்'

தனியார் குழுக்களோடு போகும்போது இப்படி ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுமா? முடியாது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் அது குற்ற வழக்கு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவின்படி அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் அது 5 ஆண்டு வரை போகலாம். உங்கள் கையெழுத்து அந்த வழக்கைத் தடுக்காது.

கட்டணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதற்கட்ட ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. முற்றிலும் இலவசமாகச் செய்யப்படும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. 'காசே வேண்டாம், சும்மா வாங்க' என்று சமூக வலைதளத்தில் அழைக்கும் குழுவோடு போனால், ஏதாவது ஆகும்போது நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்குத் திறக்காமல் போகலாம். உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அது நீண்ட வழி.

கிளம்பும் முன் கேளுங்கள்

* அனுமதிச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாதையின் பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* குழு பதிவு பெற்றதா, உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறாரா என்று கேளுங்கள்.

* பணத்தை ஆன்லைனில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

* பாதி வழியில் 'இந்தப் பக்கம் குறுக்கே போயிடலாம்' என்றால் மறுத்துவிடுங்கள். சீட்டில் இல்லாத பாதையில் உங்களைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

* காலையில் கிளம்பும்போது பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பிலேயே போகலாம். நடந்துதான் ஏற வேண்டும் என்றால், மழை பெய்து காடு பசுமையாக இருக்கும் மாதங்களில், சீட்டோடு போங்கள். குரங்கணி எங்கும் போய்விடாது. நீங்கள் பத்திரமாகத் திரும்பி வருவதுதான் முக்கியம்!