மீந்த நுரையில் என்ன மிச்சம்?

சவரம் முடிந்து முகம் கழுவிய பிறகும் கிண்ணத்தில் இன்னொரு முகத்துக்குப் போதுமான நுரை நிற்கும். சிக்கனமாக வளர்ந்தவர்களுக்கு அதைக் குழாயடியில் கொட்ட மனம் வராது. நாளைக்கு ஆகட்டும் என்று கிண்ணத்தை மூடி ஜன்னலோரம் வைத்துவிடுவார்கள். புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. அந்தச் சிக்கன மனத்தை மதிக்கிறேன். ஆனால் காக்க வேண்டியது வேறு இடத்தில் வீணாகிக்கொண்டிருக்கிறது.

நுரையின் பெரும்பகுதி காற்று. டப்பாவை அழுத்தினால் வரும் ஷேவிங் ஃபோமில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வாயுதான். பிரஷ்ஷால் குழைத்த நுரையில் நீர் சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. நுரைக்குள் நேரம் போகப்போக என்ன நடக்கிறது என்பதை டூரியன், வெய்ட்ஸ், பைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 1991இல் ஒளியைப் பாய்ச்சி அளந்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கடையில் விற்கும் ஜில்லெட் ஷேவிங் ஃபோம். எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே மாதிரி வருகிற, உடனே உடைந்துபோகாத நுரை அது. இன்றுவரை நுரை இயற்பியலில் அது ஒரு மாதிரிப் பொருளாகவே இருக்கிறது.

கண்ணுக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் அந்த வெண்மைக்குள் ஓயாத மாற்றம் நடக்கிறது. சிறு குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் சிறியதில் உள்ள வாயு மெல்லிய சவ்வு வழியாகப் பெரியதுக்குள் கசிகிறது. சிறியது சுருங்கி மறைகிறது, பெரியது இன்னும் பெரிதாகிறது. இடையிலுள்ள நீர் தன் எடையால் மெதுவாகக் கீழே வடிகிறது. அவ்வப்போது பக்கத்துக் குமிழிகள் சட்டென்று இடம் மாறிக்கொள்கின்றன. நுண்ணிய குமிழிகளால் வெண்ணெய் போலிருந்த நுரை சில மணி நேரத்தில் பெருங்குமிழிகளாகிச் சரிகிறது. காலையில் மூடி வைத்தது மறுநாள் காலையில் அதே நுரையாக இருக்காது. மேலே வறண்ட சோப்புப் படலம், அடியில் கலங்கிய நீர்.

சவர நுரை சாதாரணக் குளியல் சோப்பு நுரையைவிட நெடுநேரம் நிற்பதற்குக் காரணம் ஸ்டியரிக் அமிலம். கொழுப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் எஜேன் ஷெவ்ரல். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய பெருநூல் பாரிஸில் 1823இல் வெளிவந்தது. 102 வயது வாழ்ந்த அந்த மனிதருக்குப் புதுச்சேரியில் யாரும் சிலை வைக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் அவருடைய வேதியியலைத்தான் கன்னத்தில் தடவிக்கொள்கிறோம். ஸ்டியரிக் அமிலத்தோடு பொட்டாசியம் சேர்ந்தால் மென்மையான சோப்பு கிடைக்கும். தேங்காய் எண்ணெயின் அமிலங்கள் விரைவாக நுரையை எழுப்பும், ஸ்டியரிக் அமிலம் அதைத் தாங்கிப் பிடிக்கும். கிளிசரின் உலராமல் பார்த்துக்கொள்ளும். நுரையின் முதன்மையான வேலை நீரை முடியின்மேல் நிறுத்தி வைப்பது. ஊறிய முடி மென்மையாகி, அதை வெட்டத் தேவையான விசை கணிசமாகக் குறைகிறது. இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுச் சவரம் செய்யச் சொல்வது இதனால்தான்.

இந்த வேதியியலுக்குக் கடலோரத்தில் ஓர் எதிரி உண்டு. புதுச்சேரி நகரம் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது. நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடலோரப் பகுதிகளில் உவர்நீர் உள்ளே ஏறிவருவது நெடுநாள் கவலை. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்ததும் கரையாத பிசுக்காகிவிடும். பிரஷ்ஷை எத்தனை சுழற்றினாலும் நுரை எழாத வீடுகளில் க்ரீமைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு குவளை நல்ல தண்ணீரில் குழைத்துப் பாருங்கள், வேற்றுமை தெரியும். உவர்நீரில் எழுந்த நுரை இரவு முழுக்கக் கிடந்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி அந்தப் பிசுக்குதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சிறு டம்ளர் அளவு, 100 மில்லிலிட்டர் நுரை மீந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 92 பங்கு காற்று போக 8 மில்லிலிட்டர் திரவம். அதிலும் பெரும்பங்கு நீர். சோப்பு என்று எஞ்சுவது ஒரு கிராம் அளவுக்குத்தான். மறுபக்கம், குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்கிறோம். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றே கொள்வோம், ஐந்து நிமிடத்தில் 30 லிட்டர். ஒரு கிராம் சோப்புக்காக வருந்தும் கை, உவர்ப்பு ஏறிக்கொண்டிருக்கும் ஊரில் 30 லிட்டர் நன்னீரை ஓடவிடலாமா? எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான வருத்தம் உண்டு. ஒரு குவளை நீரில் ரேசரை அலசினால் போதும், குழாய் மூடியே இருக்கலாம்.

மீதியைக் குறைக்க வழி, முதலிலேயே குறைவாக எடுப்பதுதான். வேர்க்கடலை அளவு க்ரீம் போதும், மற்றதைப் பிரஷ்ஷும் நீரும் பார்த்துக்கொள்ளும். அப்படியும் மீந்தால் அந்த நிமிடமே பயன்படுத்துங்கள். எதிர்ப்புறமாக இரண்டாம் தடவை வழிக்கலாம், சட்டைக் காலரின் அழுக்கில் தேய்க்கலாம். குளியலறைக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசித் துணியால் துடைத்துவிட்டால் ஆவி படிந்து மங்காது. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஆவி துளித்துளியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவிவிடுகிறது.

எடுத்து வைப்பதில் ஆபத்து உண்டா? பயமுறுத்த விரும்பவில்லை. பாக்டீரியா பூசப்பட்ட கட்டிச் சோப்பால் கை கழுவியவர்களுக்கு அது கையில் ஒட்டவில்லை என்று 1988இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் சவரம் கை கழுவுவது போன்றதல்ல. ரேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும். பிரஷ் தொட்டுவந்த நுரையில் செதிலும் முடித்துணுக்கும் சில நேரம் இரத்தமும் இருக்கும். ஈரமான கடற்காற்றில் கிண்ணமும் பிரஷ்ஷும் எளிதில் உலர்வதுமில்லை.

பிரஷ்ஷின் வரலாற்றிலேயே ஒரு கசப்பான பக்கம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகத் தூய்மை செய்யாத குதிரைமுடிப் பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஆந்த்ராக்ஸ் வந்தது, சிப்பாய்கள் உட்பட. இன்றைய பிரஷ்ஷில் அந்த அச்சம் தேவையில்லை. ஆனால் சலூனில் ஒரே பிரஷ், ஒரே கிண்ணம், ஒரே படிகாரக் கட்டி பல முகங்களுக்குப் போகும்போது கவனம் தேவை. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். பிளேடை மாற்றச் சொல்லிக் கேட்கப் பழகிவிட்டோம். புது நுரையும் கழுவிய பிரஷ்ஷும் கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். தொழிலை நேசிக்கும் முடிதிருத்துநர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தயக்கம் தீராதவர்கள் தங்கள் பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோகலாம். வீட்டுக்கு வந்ததும் அலசி, உதறி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் போதும். உவர்நீர்ப் பிசுக்கு ஏறி முடி விறைத்திருந்தால் வினிகர் கலந்த நீரில் சில நிமிடம் ஊறவைத்து அலசுங்கள், பிசுக்கு இளகிவிடும்.