ஆடரங்கின் உடையும் நமது தறியும்

நாட்டியம் கண்ணுக்கும் செவிக்கும் விருந்து என்பர். நெசவுத் தொழிலில் உள்ள நமக்கு அதில் வேறொரு தொடர்பும் உண்டு. ஆடுவோர் உடுத்தும் துணி யாருடைய தறியில் நெய்யப்பட்டது? அவ்வுடையைக் கண்டு மகிழ்ந்த மக்கள் நாளை எத்தகைய துணியை விரும்பிக் கேட்பர்? இவ்விரு கேள்விகளும் நமது சங்கங்களின் விற்பனையைத் தொடுவன. ஆகவே ஆடரங்கின் உடை வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

மேனாட்டில் பாலே என்னும் நடனம் அரண்மனையில் வளர்ந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661-ஆம் ஆண்டு நடனத்திற்கென ஒரு கழகத்தையே நிறுவினார். அக்காலத்தில் ஆடுவோர் அரசவையினரைப் போலவே கனத்த ஆடைகளை அணிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் மாரி கமார்கோ என்னும் நடன மங்கை, தமது காலடிகளின் வேகம் காண்போருக்குத் தெரியும்பொருட்டுப் பாவாடையின் நீளத்தைக் குறைத்தார். 1832-இல் பாரிஸ் நகரில் ‘லா சில்ஃபீத்’ நடனத்தை ஆடிய மாரி டாக்லியோனி, மணி போல் விரிந்த வெண்ணிற மென்துணிப் பாவாடையில் தோன்றினார். பாலே என்றவுடன் உலகோர் மனத்தில் எழும் உருவம் அதுவே. 1910-இல் ருஷியக் குழுவினர் பாரிஸில் நடத்திய ‘ஷெஹெரசாட்’ நடனத்திற்கு லியோன் பாக்ஸ்ட் உடை வகுத்தார். அதன் பின்னர் அந்நகரத்து மாதரிடையே கீழ்நாட்டுப் பாணி ஆடைகளும் அடர்ந்த வண்ணங்களும் பெருகின. முதலில் அரசவையின் நாகரிகத்தை மேடை பின்பற்றியது. பின்னர் மேடையின் நாகரிகத்தை ஊர் பின்பற்றியது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. மஸ்லின் என்னும் மென்துணிக்கு ஒரு காலத்தில் டாக்கா நெசவாளரின் கைகளே புகழ் தேடித் தந்தன. டாக்லியோனி ஆடிய காலத்திற்குள் பிரிட்டிஷ் ஆலைகள் அதனைப் பெருவாரியாக நெய்யத் தொடங்கிவிட்டன. பாலே பாவாடைக்குரிய வலைத்துணியையோ, ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809-ஆம் ஆண்டுகளில் உரிமை பெற்ற பொறிகளே பின்னின. நடனத்தின் புகழ் வளர்ந்தது. தையற்கலைஞரின் பெயரும் வளர்ந்தது. நெசவாளர் மட்டும் அக்காட்சியிலிருந்து மறைந்தார்.

நமது கடற்கரையில் நிகழ்ந்தது வேறு. ருக்மிணி தேவி அருண்டேல், ருஷிய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே பயின்றார். தாய்நாட்டுக் கலையை நாடுமாறு பாவ்லோவா கூறிய அறிவுரையை ஏற்று, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, 1935-இல் அடையாற்றில் அரங்கேறினார். நமது மாநில நெசவாளரின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அதே 1935-ஆம் ஆண்டில்தான்!

அதற்கு முன்னர் ஆடுவோர் கால்சட்டையின்மேல் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடினர். ருக்மிணி தேவியோ கோயிற் சிற்பங்களை ஆராய்ந்து, கசான் அம்மையார் என்னும் இத்தாலியத் தையற்காரரின் துணையுடன் தைத்த உடையை அமைத்தார். மாமல்லபுரத்துப் பாறைகளில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய உருவங்களைக் காண்போர், உடலின் வளைவையும் காலின் நிலையையும் மறைக்காத ஆடையே ஆடலுக்கு ஏற்றது என்பதை எளிதில் உணர்வர். அரைமண்டியில் அமரும்போது விசிறியாக விரியும் மடிப்பு அக்கருத்தையே நிறைவேற்றுகிறது.

இந்த உடை பொறியில் பின்னிய வலைத்துணியை நாடவில்லை. பட்டுச் சேலையையே நாடியது. சேலையின் முந்தி நடு விசிறியாகிறது. கரை மடிப்பின் ஓரமாகவும் கால்சட்டையின் விளிம்பாகவும் அமைகிறது. கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம் என்று மாறுபட்டு நின்றால்தான் கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் அசைவு தெளிவாகத் தெரியும். அவ்வாறு நெய்வது காஞ்சியின் கோர்வை வேலை. மூன்று நாடாக்களைக் கொண்டு, துணையாள் ஒருவர் உடனிருக்க, கரையையும் உடலையும் ஊடு இழையால் பிணைக்கும் திறன் அது. 1997 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த காஞ்சிக்கு இதனால் புதியதொரு தேவை பிறந்தது.

ருக்மிணி தேவி இதனோடு நிற்கவில்லை. 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர், மறு ஆண்டே அங்குத் தறிகளையும் அமைத்துப் பழைய கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் மீண்டும் நெய்வித்தார். மேடையில் கண்டதை மங்கையர் வீட்டு விழாக்களுக்கும் விரும்பினர். ‘கலாக்ஷேத்திரச் சேலை’ என்பது கடைகளில் ஒரு வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆயினும் நாம் கவலையின்றி இருத்தல் இயலாது. விசைத்தறித் துணியும் செயற்கை இழைத் துணியும் பட்டின் பளபளப்பைக் காட்டிக் குறைந்த விலைக்கு நாட்டிய உடையாகின்றன. பல பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் பள்ளிகளும் பெற்றோரும் விலையை நோக்குவது இயல்பே; அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கைத்தறிக்குச் சில வகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2005-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் நமக்கு அரண்கள். அரண் மட்டும் விற்பனையைத் தந்துவிடாது.

நாம் செய்யக்கூடியவை சில உள. நாட்டிய உடை தைப்போரை அழைத்து, முந்தியின் நீளம், கரையின் அகலம் ஆகியவற்றை அவர்களிடமே கேட்டறிந்து அதற்கென நெய்யலாம். விளக்கின் வெப்பத்திலும் வியர்வையிலும் சாயம் போகாதபடி நன்கு சோதித்துத் தரலாம். இளம் மாணவியருக்கெனப் பருத்தியிலும் பட்டுப்பருத்தியிலும் விலை குறைந்த துணி நெய்யலாம். பருத்தி பயிரிடுவோருக்கும் பட்டுப்புழு வளர்ப்போருக்கும் அதில் பங்கு உண்டு. மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் நாட்டிய விழாவிற்கு வெளிநாட்டவர் பலர் வருகின்றனர். அங்கிருந்து காஞ்சி ஏறத்தாழ 65 கிலோமீட்டரே. மேடையில் கண்ட கரை எந்தத் தறியில் பிறந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லும் கடையும் பலகையும் நமதாக இருத்தல் வேண்டும்.

டாக்கா நெசவாளரின் பக்கம் நின்று பேச அன்று சங்கம் இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. ஆடுபவருக்குக் கிடைக்கும் கைதட்டலில் ஒரு பங்கு தறிக்கும் வந்து சேருமாறு செய்வது அச்சங்கத்தின் கடமையாகும்.